உடலின் காவலே கட்டியின் கவசம்

கீமோதெரபிக்குக் கரைந்த புற்றுநோய் சில மாதங்களில் திரும்பி வரும்போது, அதற்குப் பின்னால் நிற்பவை பெரும்பாலும் உடல் தன் பாதுகாப்புக்கென்றே உருவாக்கி வைத்திருக்கும் புரதங்கள்தாம்.

கை நரம்பு வழியே ஏறிய வின்கிரிஸ்டின் என்னும் மருந்து குருதியோட்டத்தில் கலந்து, கட்டியைச் சூழ்ந்திருக்கும் நுண்குழாய்களை அடைந்து, அவற்றின் சுவரைக் கடந்து ஒரு புற்றணுவின் மேலுறையைத் தொடுகிறது. அந்த உறை கொழுப்பால் ஆனது, மருந்தும் கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே உறைக்குள் அது தடையின்றி நுழைகிறது. இன்னும் ஓர் எட்டு உள்ளே வைத்தால், உயிரணு இரண்டாகப் பிரிவதற்குக் கட்டும் நுண்ணிழைகளை அது கலைத்துவிடும். ஆனால் உறைக்குக் குறுக்கே பன்னிரண்டு முறை ஊடுருவி மடிந்து நிற்கும் ஒரு புரதம், உட்புறம் நோக்கித் திறந்திருக்கும் தன் குழிவில் அந்த மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, உயிரணுவின் எரிபொருளான ஏடிபியைச் செலவிட்டு வடிவம் மாறி, வெளிப்புறமாகத் திறந்து, வந்த வழியே அதை எறிந்துவிடுகிறது. அடுத்த மூலக்கூறு வருகிறது; அதுவும் எறியப்படுகிறது. மருந்து உடலெங்கும் பரவி நோயாளியின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும்போதும், அது சேரவேண்டிய கட்டிக்குள் மட்டும் போதிய அளவு சேர்வதில்லை.

பி-கிளைகோபுரோட்டீன் என்று பெயரிடப்பட்ட இந்தப் புரதம், கீமோதெரபிக்குப் புற்றுநோய் அடங்க மறுப்பதன் காரணங்களுள் மிக அதிகமாக ஆராயப்பட்டது. இத்தகைய மறுப்பை மருத்துவர்கள் மருந்து எதிர்ப்பு என்பர். நோயாளியின் குடும்பத்தாரோ ‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’ என்று சொல்வர். அந்தச் சொல்லில் உள்ள பிழை சிறியதன்று. உடல் அம்மருந்துக்குப் பழகுவதில்லை; முடி உதிர்கிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன, வாய் புண்ணாகிறது. பழகியது போல் தோன்றுவது புற்றணு மட்டுமே. அதுவும் பல வேளைகளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. தன் மரபணுக்களில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளுள் தனக்கு உதவுவதைப் பெருக்கிக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால், நாற்பது ஆண்டுக்கால ஆராய்ச்சி எங்கே இடறியது என்பதும், சிகிச்சை ஏன் இத்தனை மருந்துகளோடு இத்தனை மாதங்கள் நீள்கிறது என்பதும் புலப்படும்.

1948: முதல் நம்பிக்கை, முதல் ஏமாற்றம்

மருந்து எதிர்ப்பின் வரலாறு கீமோதெரபியின் வரலாற்றோடு சேர்ந்தே தொடங்குகிறது. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், கடுமையான ரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, அவர்களுள் 10 பேரிடம் நோய் தணிந்ததை 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். உயிரணு பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் உருவத்தை ஒத்து, அதன் இடத்தில் அமர்ந்துகொண்டு வேலையை மட்டும் முடக்கும் மருந்து அது. எனினும் தணிந்த நோய் அந்தக் குழந்தைகளிடம் திரும்ப வந்தது.

அது ஏன் திரும்பியது என்பதற்கு உயிரணு அளவில் தெளிவான விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், டிஎச்எஃப்ஆர் என்னும் நொதியைப் பற்றி முடக்குகிறது. நொதி என்பது உடலின் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷிம்கேயின் குழு, இம்மருந்தை எதிர்த்து வாழும் எலிப் புற்றணுக்களை ஆராய்ந்து, அந்த நொதிக்குரிய மரபணுவை அவை பல பத்து மடங்கு படியெடுத்து வைத்திருந்ததை 1978இல் காட்டியது. மருந்து எத்தனை நொதிகளை முடக்கினாலும், முடக்கப்படாதவை மிச்சமிருக்கும்படி புற்றணு அவற்றை உற்பத்தி செய்து குவித்துவிட்டது. எலியில் கண்ட இந்த உத்தி பின்னர் மனிதப் புற்றணுக்களிலும் காணப்பட்டது.

டொரன்டோவில் பெயர் பெற்ற பம்பு

இதைவிடப் பெரிய வியப்பு வேறொரு திசையில் காத்திருந்தது. ஒரே மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற உயிரணுக்கள், தாங்கள் ஒருபோதும் சந்தித்திராத, வேதியமைப்பில் சற்றும் தொடர்பில்லாத வேறு மருந்துகளையும் எதிர்த்து நின்றதை 1970இல் நியூயார்க்கில் ஜூன் பீட்லரும் உடன் பணியாற்றியவரும் பதிவு செய்தனர். மூன்றாண்டுகள் கழித்து டென்மார்க்கின் கெல்ட் டானோ, அத்தகைய புற்றணுக்கள் ஆற்றலைச் செலவிட்டு மருந்தை வெளியே தள்ளுகின்றன என்று காட்டினார். 1976இல் டொரன்டோவில் ரூடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும், கோல்சிசின் என்னும் நச்சுக்கு எதிர்ப்புப் பெற்ற வெள்ளெலி உயிரணுக்களின் மேலுறையில் மட்டும் மிகுதியாகக் காணப்பட்ட, ஏறத்தாழ 1,70,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். உறையின் ஊடுருவு தன்மையை அது மாற்றுகிறது என்று அவர்கள் கருதியதால், ஊடுருவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘பி’ அதன் பெயரில் முன்னொட்டாக நின்றுவிட்டது.

அதன் மரபணு 1986இல் படிக்கப்பட்டபோது, 1,280 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம், பாக்டீரியாக்கள் பொருள்களைக் கடத்தப் பயன்படுத்தும் புரதங்களோடு நெருங்கிய உறவுடையது என்பது தெரியவந்தது. ஏபிசி கடத்திகள் எனப்படும் இக்குடும்பத்துக்கு மனித மரபணுத் தொகுதியில் 48 உறுப்பினர்கள் உண்டு. அவற்றுள் எம்ஆர்பி1 என்பது 1992இல் நுரையீரல் புற்றணுவிலும், பிசிஆர்பி என்பது 1998இல் மார்பகப் புற்றணுவிலும் கண்டறியப்பட்டன. வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், பக்லிடாக்செல், எட்டோபோசைடு என்று புற்றுநோய் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படும் மருந்துகள் பலவும் பி-கிளைகோபுரோட்டீனால் வெளியேற்றப்படக் கூடியவை. குறிப்பிட்ட ஒரு சாவிக்கு மட்டும் திறக்கும் பூட்டைப் போன்றவை பெரும்பாலான புரதங்கள்; இதுவோ கொழுப்பில் கரையும், ஓரளவு பருமனான பல்வேறு அயல்பொருள்களையும் தன் அகன்ற குழிவில் ஏற்றுக்கொள்கிறது.

■ பெட்டிச் செய்தி: செங்காந்தளும் நித்தியகல்யாணியும்

இப்புரதத்தைக் காட்டிக்கொடுத்த கோல்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ளது. கண்வலிக் கிழங்கு என்று உழவர்கள் அழைக்கும் அதன் விதைகளுக்காகவே திண்டுக்கல், திருப்பூர், கரூர் வட்டாரங்களில் அது பயிரிடப்படுகிறது. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அச்செடி தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் ஏற்றுமதிக்காக வளர்க்கப்படுகிறது. இம்மருந்தின் மூலப்பொருள்களுள் ஒன்றான கேத்தரந்தைன் என்னும் நச்சை அச்செடி தன் இலையின் மேற்பரப்புக்கு வெளியேற்றி வைக்கிறது. அந்த வேலையைச் செய்வதும் ஓர் ஏபிசி கடத்திப் புரதமே என்பது 2013இல் கண்டறியப்பட்டது.

வெளியேற்றம் ஒரு வழி மட்டுமே

உள்ளே சேர்ந்துவிட்ட மருந்தும் வென்றுவிடுவதில்லை. சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினம் மருந்து பி-கிளைகோபுரோட்டீனின் பிடியில் சிக்காதது. அது டிஎன்ஏ இழையில் ஒட்டிக்கொண்டு அதை வளைத்து, படியெடுக்க இயலாமல் செய்கிறது. ஆனால் வெயிலாலும் புகையாலும் டிஎன்ஏயில் அன்றாடம் உண்டாகும் சிதைவுகளை வெட்டி நீக்கி ஒட்டுப்போடுவதற்கென்றே ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு புரதக் கூட்டம் உள்ளது; இஆர்சிசி1 அக்கூட்டத்தில் வெட்டும் வேலையில் பங்கேற்பது. மருந்து செய்த சேதத்தையும் வெயில் செய்த சேதத்தையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே அக்கறையோடு சரிசெய்கிறது. இக்கூட்டத்தின் சில புரதங்கள் விதைப்பைப் புற்றணுக்களில் இயல்பாகவே குறைவாக இருப்பது, உடலெங்கும் பரவிய பிறகும் அந்நோய் சிஸ்பிளாட்டினால் பெரும்பாலோரிடம் குணமாவதற்குக் காட்டப்படும் காரணங்களுள் ஒன்று.

பழுது நீக்க முடியாத அளவு சேதம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் புரதங்களின் கையிலேயே இருக்கிறது. கீமோதெரபி மருந்து புற்றணுவை நேரடியாகக் கொல்வதாகப் பலரும் எண்ணினாலும், பெரும்பாலும் அது செய்வது சேதப்படுத்துவது மட்டுமே. சேதத்தைக் கண்டுணர்ந்து, உயிரணு தன்னைத்தானே முறையாக அழித்துக்கொள்ளும்படி ஆணையிடுவது பி53 போன்ற உட்புரதங்களின் வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 பழுதுபட்டிருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், அழிவாணையை நிறைவேறவிடாமல் தடுப்பது பிசிஎல்-2 என்னும் புரதம். ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயில் மரபிழைகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் இப்புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாவது 1980களின் நடுவில் தெரியவந்தது. 1988இல் ஆஸ்திரேலியாவின் டேவிட் வாக்ஸும் அவருடைய சகாக்களும், இது உயிரணுக்களைப் பெருகச் செய்வதில்லை, சாகவேண்டியவற்றைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று நிறுவினர். புற்றுநோய் என்றால் கட்டுக்கடங்காத பெருக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்த காலத்தில், சாக மறுப்பதும் புற்றுநோயே என்ற இந்தக் கண்டுபிடிப்பு ஆராய்ச்சியின் போக்கையே திருப்பியது.

பம்பை அடைக்க முயன்றபோது

மருந்தை வெளியேற்றும் புரதம் அடையாளம் காணப்பட்டதும், அதன் குழிவை அடைத்துவிட்டால் பழைய மருந்துகளே மீண்டும் வேலை செய்யும் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. 1981இல் ஜப்பானின் தகாஷி சுருவோ, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் வெராபமில் என்னும் மருந்து இந்தப் பணியைச் செய்வதைச் சோதனைக்கூடத்தில் காட்டியபோது எழுந்த எதிர்பார்ப்பு மிகப் பெரியது. பம்பை அடைக்கத் தேவைப்பட்ட அளவு வெராபமில் நோயாளியின் இதயத்துக்கு ஆபத்தாக முடிந்தது. அடுத்து வந்த வால்ஸ்போடார் அதைவிட வலிமையானது. ஆனால் கீமோதெரபி மருந்துகள் உடலைவிட்டு வெளியேறும் வேகத்தை அது குறைத்ததால் அவற்றின் நச்சுத்தன்மை உயர்ந்து, மருந்தின் அளவையே குறைக்க வேண்டியதாயிற்று. பம்பை மட்டும் குறிவைத்து உருவாக்கப்பட்ட சோசுக்குவிடார், முதியவர்களின் ரத்தப் புற்றுநோயில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டும் ஆயுளை நீட்டவில்லை.

இந்தத் தோல்விகளின் வேரை விளக்கியது புற்றுநோயோடு தொடர்பில்லாத ஒரு நிகழ்ச்சி. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் ஆல்ஃபிரட் ஷிங்கலின் குழு, இப்புரதத்துக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்து வந்தது. அவை எவ்விதக் குறையுமின்றி வாழ்ந்தன. உண்ணிகளை ஒழிக்க ஐவர்மெக்டின் என்னும் சாதாரணப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டபோது, மற்ற எலிகளைப் பாதிக்காத அம்மருந்து மூளைக்குள் புகுந்து இந்த எலிகளைக் கொன்றுவிட்டது. 1994இல் வெளியான இந்த ஆய்வு, மூளையின் குருதிக் குழாய்களில் நின்று நச்சுகளைத் திருப்பியனுப்பும் காவலாளி இப்புரதமே என்று மெய்ப்பித்தது. கோலி இன நாய்கள் பலவற்றில் இதே மரபணு இயல்பாகவே பழுதுபட்டிருப்பதால், அவற்றுக்கு ஐவர்மெக்டினையும் வின்கிரிஸ்டினையும் கால்நடை மருத்துவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள்கின்றனர்.

குடல் உணவிலுள்ள நச்சைத் திருப்பித் தள்ளுவதும், கல்லீரல் அதைப் பித்தத்தில் கலப்பதும், சிறுநீரகம் அதை வெளியேற்றுவதும், கருவிலுள்ள சிசுவைத் தொப்புள்கொடி வழி வரும் நஞ்சிலிருந்து நஞ்சுக்கொடி காப்பதும் இப்புரதத்தின் துணையோடுதான். பெருங்குடல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் எழும் கட்டிகள் முதல் நாளிலிருந்தே பல மருந்துகளுக்கு மசியாமல் இருப்பதன் காரணங்களுள் ஒன்று, அவை பிறந்த திசுவின் இக்காவலைச் சீதனமாகக் கொண்டு வந்திருப்பதே. கட்டியின் காவலைக் கலைக்க முனைந்தால் மூளையின் காவலும் குடலின் காவலும் சேர்ந்தே கலைகின்றன. 1976இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தை அடைத்துப் புற்றுநோயின் எதிர்ப்பை முறியடிப்பதற்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை.

பிசிஎல்-2 விஷயத்தில் கதை சற்று மாறியது. அப்புரதத்தின் பள்ளத்தில் பொருந்தி அதைச் செயலிழக்கச் செய்யும் வெனெட்டோகிளாக்ஸ் 2016இல் ஒப்புதல் பெற்று, பி53 இழந்ததால் கீமோதெரபிக்கு அடங்காத ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் பலருக்கு ஆயுளை மீட்டுக் கொடுத்தது. ஆயினும் அந்த மருந்தையே நீண்டகாலம் உட்கொண்ட சிலரின் புற்றணுக்களில், பிசிஎல்-2இன் 101ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறி மருந்தின் பிடி தளர்ந்திருந்ததை 2019இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் கண்டனர்.

புரதத்தைப் படித்த பின் மருந்து

எதிர்க்கும் புரதத்தை வெல்ல முடியாத இடத்தில், அது இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிந்துகொள்வதும் ஒரு வழி. மூளையில் எழும் கொடிய கட்டியான கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கொடுக்கப்படும் டெமோசோலமைடு, டிஎன்ஏயின் ஓர் எழுத்தில் சிறு வேதிக் குறியை ஒட்டிவைக்கிறது. எம்ஜிஎம்டி என்னும் புரதம் அந்தக் குறியைப் பிடுங்கித் தன்மேல் ஏற்றுக்கொண்டு, அந்த ஒரே வேலையோடு தானும் அழிந்துபோகிறது. ஒரு குறிக்கு ஒரு புரதம் வீதம் செலவாவதால், புற்றணுவிடம் இப்புரதம் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கிறது. சில கட்டிகளில் இதற்குரிய மரபணு வேதிப் பூட்டால் மூடப்பட்டிருக்கும். கதிர்வீச்சோடு டெமோசோலமைடும் பெற்றவர்களுள், அப்பூட்டு உள்ளவர்களில் 46 விழுக்காட்டினரும் இல்லாதவர்களில் 14 விழுக்காட்டினரும் இரண்டாண்டுகள் கடந்து வாழ்ந்தனர் என்று மோனிகா ஹெகி, ரோஜர் ஸ்டப் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இன்று இச்சோதனை, குறிப்பாக முதிய நோயாளிகளுக்குக் கதிர்வீச்சா, மருந்தா என்று முடிவெடுக்கத் துணைபுரிகிறது.

கட்டியின் புரத நிலை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளும் ஆவணம் அன்று என்பதற்குச் சினைப்பைப் புற்றுநோய் சான்று. பிஆர்சிஏ2 என்னும் பழுதுபார்க்கும் புரதம் இல்லாததால் பிளாட்டினம் மருந்துக்கு நன்கு அடங்கிய சில கட்டிகளில், அம்மரபணுவில் இரண்டாவதாக நேர்ந்த மாற்றம் முதல் பிழையை ஈடுசெய்து, வேலை செய்யும் புரதத்தை மீட்டுக் கொடுத்திருந்ததை 2008இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. திரும்பி வந்த கட்டி முதலில் இருந்த கட்டியன்று. ஆகவே, நோய் திரும்பும்போது மீண்டும் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்பதை வீண் செலவாகவோ கூடுதல் வேதனையாகவோ மட்டும் பார்ப்பது நோயாளிக்கு இழப்பாக முடியக்கூடும்.

■ பெட்டிச் செய்தி: கூடவே சாப்பிடும் மருந்துகள்

கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதியை, வெளியிலிருந்து உட்கொள்ளும் பொருள்கள் தூண்டவோ முடக்கவோ செய்யலாம். மனச்சோர்வுக்கு மேலை நாடுகளில் பயன்படும், இந்நொதியைத் தூண்டக்கூடிய செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை இரினோடெக்கான் என்னும் புற்றுநோய் மருந்தோடு சேர்த்து உட்கொண்ட ஐந்து நோயாளிகளிடம், அம்மருந்தின் செயல்படு வடிவம் குருதியில் 42 விழுக்காடு குறைந்தது என்று 2002இல் நெதர்லாந்து ஆய்வொன்று தெரிவித்தது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. லேகியம், பொடி, கஷாயம், ஊட்டச்சத்து மாத்திரை எதுவாயினும், கீமோதெரபி நடக்கும் காலத்தில் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் இருத்தல் கூடாது.

ஏன் இத்தனை மருந்துகள், ஏன் இத்தனை மாதங்கள்?

ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்கள் இருக்கின்றன. பத்து லட்சத்தில் ஒன்று தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்தை எதிர்க்க வல்லது என்று கொண்டால், மருந்தின் முதல் துளி இறங்குவதற்கு முன்பே அந்தக் கட்டியில் அத்தகையவை ஆயிரம் இருக்கும். வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்து எதிர்ப்பது லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். கனடாவின் ஜேம்ஸ் கோல்டியும் ஆண்ட்ரூ கோல்ட்மனும் 1979இல் வகுத்துரைத்த இந்தக் கணக்கே, பல மருந்துகளைச் சேர்த்தும் விரைந்தும் கொடுப்பதன் தருக்கம். பி-கிளைகோபுரோட்டீன் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. ஒரே புரதம் பல மருந்துகளை ஒருசேர வெளியேற்றும்போது, இரண்டு மருந்துகளும் ஒரு மருந்தாகிவிடுகின்றன. ஆகவேதான் அதன் பிடியில் சிக்கும் மருந்துகளோடு சிக்காதவற்றையும் கலந்து கொடுக்கும் முறைகள் முக்கியமாகின்றன.

குழந்தைகளின் கடும் நிணநீர் ரத்தப் புற்றுநோயில் இம்முறை ஈட்டிய வெற்றி மருத்துவ வரலாற்றின் பெருமிதங்களுள் ஒன்று. 1948இல் தனித்து நின்று தோற்ற மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், இன்று வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெர்காப்டோப்யூரின் ஆகியவற்றோடு சேர்ந்து, வளம் மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளைக் குணப்படுத்துகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை, தில்லியிலுள்ள இரு பெரும் மருத்துவ நிறுவனங்களும் 1980களில் எம்சிபி-841 என்னும் பொதுவான கூட்டுச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டபோது, இந்தியக் குழந்தைகள் பிழைக்கும் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

இந்நோய் கண்டறியப்படும் நாளில் குழந்தையின் உடலில் லட்சம் கோடி அளவுக்குப் புற்றணுக்கள் இருக்கக்கூடும். ஒரு மாதச் சிகிச்சையில் காய்ச்சல் நின்று, முகம் தெளிந்து, உருப்பெருக்கியில் பார்த்தால் புற்றணுவே தென்படாத நிலை வந்த பின்னும், ஆயிரம் கோடி வரை மிஞ்சியிருக்க முடியும். அவ்வாறு மிஞ்சியவற்றுள் வெளியேற்றும் புரதமோ பழுதுபார்க்கும் புரதமோ சாவைத் தடுக்கும் புரதமோ மிகுந்தவையும் இருக்கக்கூடும். மீதிச் சிகிச்சை இரண்டாண்டுகளுக்கும் மேலாக நீள்வது அவற்றுக்காகத்தான். கூலி வேலையை விட்டுவிட்டு வெளியூர் மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்துபோகும் குடும்பத்துக்கு இது எத்தகைய சுமை என்பதை அறியாதவர் இல்லை; பயணச் செலவும் தங்கும் இடமும் இல்லாமையால் பாதியில் நிற்கும் சிகிச்சைகளுக்கு அக்குடும்பத்தை மட்டும் பொறுப்பாக்குவதும் நியாயமன்று. ஆயினும் பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணி நிறுத்த நினைக்கும் பெற்றோர், நிறுத்துவதற்கு முன் ஒருமுறை தங்கள் மருத்துவரிடமும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் தங்கள் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். உதவிக்கு வழியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அட்டவணையில் எஞ்சியிருக்கும் கடைசி மாத்திரை வரை பிள்ளைக்குக் கொடுத்து முடிக்க வேண்டும்.